தம்பியின் கடையில் நிற்கும் சைக்கிள்கள்

வணக்கம். பெங்களூர் அல்சூரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 27 வயது. மவுன்டன் பைக் ஓட்டுவான். வீட்டுக்குக் கீழேயே சைக்கிள் மெக்கானிக் கடை வைத்திருந்தான். போன மாதம் ராத்திரி படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. ஒரு வியாதியும் இல்லாத பிள்ளை. காரியமெல்லாம் முடிந்துவிட்டது. கடையில் ஒன்பது சைக்கிள் அப்படியே நிற்கிறது, ஒன்று ஸ்டாண்டில் பாதி பிரித்தபடி தொங்குகிறது. அப்பா எதையும் தொட விடுவதில்லை. கூட ஓட்டிய பிள்ளைகள் அவன் சைக்கிளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து துரஹள்ளி காட்டு வாசலில் வைக்கலாம், ஞாபகார்த்தமாக ஒரு ரைடு போகலாம் என்கிறார்கள். நீங்கள் சைக்கிள் பற்றி எழுதுகிறவர். அவனுக்கு எது சரியாக இருக்கும்?

ஒரு வாசகி, அல்சூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கும் அப்பாவுக்கும் என் ஆழ்ந்த அனுதாபங்கள். கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். தம்பி கையேற்ற ஒன்பது சைக்கிளையும் அவர் முடித்திருக்கக்கூடிய தரத்தில் முடித்து, உரியவர்களிடம் ஒப்படையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த வயதில், நோய் எதுவும் தெரியாத ஒருவர் தூக்கத்தில் இறந்தால், பரம்பரையாக வரும் இதயக் கோளாறு காரணமாக இருக்கலாம். இதயத் தசை தடிக்கும் நோய் ஐநூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. புருகாடா, லாங் க்யூடி போன்றவை இதயத்தின் மின்னோட்டம் சார்ந்தவை. பிரேதப் பரிசோதனையில்கூட அவை தடம் காட்டாது. புருகாடா இளம் ஆண்களைத் தூக்கத்தில் கொண்டுபோவதும் மருத்துவம் அறிந்ததே. அதனால் நீங்களும் அப்பா அம்மாவும் ஜெயதேவா இதய மருத்துவமனையிலோ வேறெங்கோ ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். ஈசிஜியும் எக்கோவும் எடுக்கச் சொல்லுங்கள். தம்பி எப்படி இறந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால்தான் டாக்டர் சரியான இடத்தில் தேடுவார். அன்று ராத்திரி வீட்டில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அதையும் அப்பாவிடம் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

இனி கடை. அப்பாவிடம் "காலி பண்ணுகிறோம்" என்ற பேச்சே வேண்டாம். "தம்பி ஒத்துக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்கிறோம்" என்று சொல்லுங்கள். பில் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, சைக்கிளை வாங்க வருகிறவர்களிடம் அவரே பேசட்டும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு சைக்கிளையும், அதனருகே கிண்ணத்தில் கிடக்கும் போல்ட், வாஷர்களையும் போட்டோ எடுங்கள். ஒரு கிண்ணம் இடம் மாறினால் எந்த ஸ்க்ரூ எதனுடையது என்று சொல்ல இனி ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் வந்து தாங்களே மாட்டிக்கொள்வதற்கு விடாதீர்கள். தம்பியின் நண்பர்களில் கை தேர்ந்த மெக்கானிக் ஒருவரை உட்கார வையுங்கள்.

"ரெடி" என்று சீட்டு தொங்கும் வண்டிகளில்தான் அதிக கவனம் வேண்டும். வேலை முடிந்தது என்பதை மட்டும்தான் சீட்டு சொல்லும். கடைசியாகத் தம்பி டார்க் ரெஞ்ச் (போல்ட் இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) வைத்துப் பார்த்தாரா, ஓட்டிப் பார்த்தாரா என்பது அதில் இருக்காது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுக்கு இறுக்கம் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், ஷிமானோ கிராங்கின் (பெடல் மாட்டும் கை) இரண்டு பக்கவாட்டு போல்ட்டுகளும் 12 முதல் 14. கிராங்க் போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் முதலாவது தளர்ந்திருக்கும். பிரேக் பேட் புதிதாக இருந்தால் மிதமான வேகத்தில் இருபது முறை மெதுவாகப் பிடித்துப் பழக்கிய பிறகே வண்டியைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் முதல் இறக்கத்திலேயே பிரேக் ஏமாற்றும்.

ட்யூப்லெஸ் டயர்களில், ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலன்ட் திரவம் காய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. வால்வின் உள் ஊசியை (கோர்) கழற்றி ஒரு மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டவில்லை என்றால் 29 அங்குல டயருக்கு 100 மில்லி ஊற்ற வேண்டும்.

ஸ்டாண்டில் தொங்கும் வண்டிக்கு வருகிறேன். பிரித்துக் கிடப்பது முன் ஃபோர்க்காக (முன் சக்கரத்தின் சஸ்பென்ஷன்) இருந்தால் ஒரு மாதத் தூசி ஸ்டான்ஷன் என்கிற வழவழப்பான மேல் குழாய்கள் மேல் இருக்கும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மண் துகள் கோடு போட்டுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் லேசாக எடுத்துவிட்டு, நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே கீறல் இருக்கிறது, எண்ணெய் அந்த வழியாகத்தான் கசியும். ஃபோர்க்குக்குள் இருக்கும் காற்று முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலுக்கு அடியில் உள்ள ஃபோம் ரிங்கை எண்ணெயில் ஊற வைத்துப் போட வேண்டும். அடி போல்ட்டுக்குப் இறுக்கும்போது நசுங்கி அடைக்கும் புது கிரஷ் வாஷர் அவசியம். லோயர்ஸை (ஃபோர்க்கின் கீழ்க் கால்கள்) ஏற்றும்போது சீலின் உதடு உள்பக்கம் மடியாமல் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் மெதுவாக ஏற்றுங்கள். மடிந்த சீல் ஒரு வாரத்தில் எண்ணெய் கக்கும். எவ்வளவு எண்ணெய் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதிகம் ஊற்றினால் ஃபோர்க் முழு தூரம் இறங்காது. ஃபோர்க்கில் உள்ள சீரியல் எண்ணைப் பார்த்து, கம்பெனி கொடுத்த அட்டவணைப்படி ஊற்றச் சொல்லுங்கள்.

பிரித்தது பிரேக் என்றால், பிரேக் திரவம் டாட் (DOT) வகையா மினரல் ஆயிலா என்று லீவரின் மூடியில் பாருங்கள். டாட் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஒரு மாதம் திறந்து கிடந்ததை முழுக்க வடித்துவிட்டுப் புது பாட்டில் உடைத்து ஊற்ற வேண்டும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில் மட்டும்தான். ஒன்றுக்கு மற்றது ஊற்றினால் உள்ளே ரப்பர் கெட்டு, பிரேக் முழுவதும் வீணாகிவிடும்.

வெள்ளைப் பெயின்ட் வேண்டாம் என்பது என் திடமான எண்ணம். அந்த வழக்கம் 2003-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், கார் மோதி அடிபட்ட சைக்கிள்காரருக்காகத் தொடங்கியது. இந்த இடத்தில் ஒரு வண்டி ஆளை அடித்தது என்று போகிறவர்களை எச்சரிக்கிற அடையாளம் அது. தம்பியை எந்த வண்டியும் அடிக்கவில்லை. துரஹள்ளி வனத்துறையின் காடு, அனுமதி இல்லாமல் வைத்ததை அவர்கள் எடுத்துப் போட்டால் உங்களுக்கு இன்னொரு வேதனை.

ரைடு போகட்டும். புறப்படும் முன் அரை மணி நேரம், பயிற்சி தரத் தெரிந்த ஒருவரை வைத்து சிபிஆர் (நின்ற இதயத்துக்கான முதலுதவி) சொல்லிக் கொடுங்கள். நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் 108-க்குப் பேச வேண்டும். காட்டுப் பாதையில் ஆம்புலன்ஸ் உள்ளே வராது. எந்த வாசலுக்கு வரச் சொல்வது என்பதையும் அன்றே பேசி வையுங்கள்.

தம்பியின் சொந்த சைக்கிளை, அவர் உயரமுள்ள ஒரு பிள்ளை ஓட்டட்டும். கொடுப்பதற்கு முன் அவர் வைத்திருந்த அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் ஷாக் பம்ப் மாட்டியதும் முதலில் காட்டும் அழுத்தத்தைக் குறியுங்கள். பம்ப்பின் குழாய்க்குள் கொஞ்சம் காற்று போய்விடுவதால் அது உண்மை அளவைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். சஸ்பென்ஷன் திரும்பி எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் குமிழை முழுதாக மூடும்வரை எத்தனை கிளிக் என்று எண்ணுங்கள். சேணத்தின் உயரத்தை கிராங்கின் நடுவிலிருந்து அளந்துகொள்ளுங்கள். பிறகு புது ஆளின் எடைக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். அவர் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் தன் முழு தூரத்தில் முன்னால் 15 முதல் 20 சதவீதம், பின்னால் 25 முதல் 30 சதவீதம் இறங்கினால் சரி. ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் என்றால் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை லோயர்ஸ் சர்வீஸ், மாடலைப் பொறுத்து 100 அல்லது 200 மணிக்கு, துள்ளலை அடக்கும் டாம்பருக்கு சர்வீஸ். இதை ஒரு தாளில் எழுதி, வண்டியோடு சேர்த்து அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். தவறாமல் செய்வதாக உங்கள் அப்பாவிடம் வாக்குக் கொடுத்த பிறகு ஓட்டிக்கொண்டு போகட்டும்.