ஒரே ஒரு பொண்ணுக்காக ஒரு ஸ்டேஷனா?

கேள்வி: ஜப்பான்ல ஒரே ஒரு ஸ்கூல் பொண்ணுக்காக ரயில்வே ஸ்டேஷனை மூடாம வெச்சிருந்தாங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருக்கே, நிஜமா கட்டுக்கதையா?

பதில்: பாதி நிஜம்ங்க. இடம் வடக்க ஹொக்கைடோ தீவு, எங்கரு டவுன் பக்கம். 2016 ஜனவரில சீன அரசு டிவியோட ஃபேஸ்புக் பக்கத்துல போட்டாங்க, அங்கேருந்து உலகம் பூரா பரவிடுச்சு. ஆனா அதுல வந்த ஸ்டேஷன் பேரு காமி-ஷிராடாகி, பொண்ணு நிஜத்துல ஏறி இறங்கினது கியூ-ஷிராடாகி, ரெண்டுக்கும் நடுவுல வெறும் ஷிராடாகின்னு இன்னொண்ணு வேற இருக்கு, யாருக்குத்தான் குழம்பாது! காமி-ஷிராடாகில ஒரு நாளைக்கு போக ஒரு ட்ரெயின், வர ஒரு ட்ரெயின், அவ்வளவுதான் நின்னுச்சு. அந்த ஸ்டேஷனையும் இந்தப் பொண்ணையும் சேர்த்து ஒட்டிட்டாங்க.

அவளுக்காகவே ட்ரெயின் விட்டாங்கன்றதும் சரியில்ல. அது சப்போரோலேர்ந்து அபாஷிரிக்கு எக்ஸ்பிரஸ் ஓடுற செகிஹொக்கு லைன், வண்டி எப்படியும் அந்த வழியாத்தான் போகும், வழியில மத்த பசங்களும் அதுலதான் ஸ்கூலுக்குப் போனாங்க. 2016 மார்ச் 26ம் தேதி காமி, கியூ, ஷிமோன்னு மூணு ஷிராடாகியையும் ஒண்ணா மூடினாங்க, காரணம் ஏற ஆள் இல்ல. ஜப்பான்ல ஸ்கூல் வருஷம் முடியறதும் மார்ச்தான், ஜேஆர்னு சொல்ற ரயில் கம்பெனிங்க டைம்டேபிள் மாத்துறதும் மார்ச்தான், அதனால அவ படிப்பு முடியறதும் ஸ்டேஷன் மூடுறதும் ஒண்ணா வந்ததுல பெரிய அதிசயம் ஒண்ணும் இல்ல. இப்ப மூடாம இருக்கற வெறும் ஷிராடாகிய விட்டா அடுத்த ஸ்டேஷன் காமிகாவா, நடுவுல 37.3 கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் கிடையாது.

கேள்வி: இந்த மாதிரி குட்டி ஸ்டேஷன்ல ஆளே இருக்க மாட்டாங்களாமே, டிக்கெட் யாரு குடுப்பா?

பதில்: யாரும் குடுக்க மாட்டாங்க. ஒரே பெட்டி டீசல் வண்டி, டிரைவர் மட்டும்தான். பின் கதவால ஏறினதும் ஓரத்துல ஒரு மெஷின் நம்பர் போட்ட சீட்டு நீட்டும், அதை இழுத்து வெச்சுக்கணும். முன்னாடி டிரைவர் தலைக்கு மேல போர்டுல ஒவ்வொரு நம்பருக்கும் எவ்வளவு காசுன்னு ஓடிட்டே இருக்கும், வண்டி போகப் போக ஏறும். இறங்கறப்ப முன் கதவுகிட்ட பெட்டில சீட்டையும் காசையும் சேர்த்துப் போட்டுட்டு இறங்க வேண்டியதுதான். சரியான சில்லறை வேணும், 10,000 யென் நோட்டை நீட்டிட்டு நின்னீங்கன்னா பின்னாடி மொத்தப் பெட்டியும் உங்களைத்தான் பாக்கும்.

கேள்வி: ஏற ஆள் இல்லன்னா மூடிடுவாங்கன்னா, ஊரே இல்லாத இடத்துல ஒரு ஸ்டேஷன் இன்னும் ஓடுதாமே?

பதில்: கோபோரோவைச் சொல்றீங்க. அதே ஹொக்கைடோ, முரோரான் லைன். ரெண்டு டன்னலுக்கு நடுவுல சுமார் 80 மீட்டர் வெளிச்சம், அதுக்குள்ள பிளாட்பாரம், கீழ கடல், ரோடு கிடையாது, வீடும் கிடையாது. 2015லயே மூடறதா ஜேஆர் ஹொக்கைடோ சொல்லிடுச்சு, ஆனா டொயோரா டவுன்காரங்க விடல, பராமரிப்புச் செலவை நாங்க பாத்துக்கறோம்னு ஏத்துக்கிட்டாங்க, ஏன்னா இந்த அதிசயத்தப் பாக்கவே டூரிஸ்ட் வராங்க. கம்பெனி நிலைமை அப்படி, 2016 நவம்பர்ல தன்னோட லைன்ல 1,237 கிலோமீட்டரை தனியா சமாளிக்க முடியாதுன்னு வெளிப்படையாவே அறிவிச்சவங்க அவங்க. பனிக்காலத்துல பிளாட்பாரத்துல பனி தள்ளவே ஆள் அனுப்பணும், லைட்டு வேற எரியணும். அந்த பில்லை யார் கட்டறாங்கன்றதுதான் கணக்கு, எத்தனை பேர் ஏர்றாங்கன்றது அப்புறம்தான். ஷிராடாகி மூணுக்கும் அப்படி ஒருத்தரும் அமையல.

போறதா இருந்தா ஒண்ணு, கோபோரோல நிக்கிற வண்டி ரொம்பக் கம்மி. போற ட்ரெயினுக்கு முன்னாடி திரும்பி வர ட்ரெயின் எப்பன்னு பாத்துட்டு கிளம்புங்க, நடந்து வெளிய வரலாம்னு மட்டும் நினைக்காதீங்க.