எண் ஒட்டியது யார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,
மிகவும் குளிர்வித்த அணுக்களை வைத்து, போஸான், ஃபெர்மியான் என்ற இரண்டு துகள் இனங்களுக்கும் நடுவில் வரும் எனியான்களை உண்டாக்கியது பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் பயன்படுத்திய ரூபிடியம் அணு போஸான்தானே? அதை எனியான் மாதிரி நடக்க வைத்தால் அது போலிதானே? முதல் அணுவும் இரண்டாம் அணுவும் இடம் மாறினால் என்ன ஆகிவிடும்? இதனால் குவாண்டம் கணினி வருமா?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தச் சோதனையால் கணினி வராது. அதற்குத் தேவை இரு பரிமாணத்தில் வரும் வேறு வகை எனியான். விடுங்கள்.

ஆனால் ‘போலி’ என்று எழுத எப்படி மனசு வந்தது? 2020இல் பாரிஸிலும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலும் அடையாளம் காட்டிய எனியான்கள் எதனால் ஆனவை? எலெக்ட்ரான்களால். எலெக்ட்ரான் ஃபெர்மியான். அவற்றைப் போலி என்று யாரும் சொல்லவில்லையே. இரண்டு துகள் இடம் மாறும்போது அவற்றின் குவாண்டம் அலையில் ஒரு கோணம் திரும்புகிறது. பூஜ்யம் என்றால் போஸான், 180 டிகிரி என்றால் ஃபெர்மியான், நடுவில் எதுவானாலும் எனியான். 1977இல் லெய்னாஸ், மிர்ஹெய்ம் என்ற இயற்பியலாளர்கள் போட்ட கணக்கு, 1982இல் இயற்பியலாளர் வில்செக் வைத்த பெயர். இனம் என்பது துகளின் நெற்றியில் எழுதியிருப்பதல்ல, இடம் மாறும்போது தெரிவது.

நீங்கள் கேட்கும் சோதனையில், 2024இல் ஹார்வர்டில் இயற்பியலாளர் கிரைனரின் குழு செய்ததும் அதுதான். லேசர் ஒளியால் ஆன குழிகளில் ஒற்றை வரிசையாக அணுக்கள். சுற்றிக்கொண்டு போக வழியில்லை, ஒரே குழிக்குள் புகுந்துதான் ஒன்றையொன்று தாண்ட வேண்டும். அந்தக் குழி வரிசையை ஆட்டி, போய் விழும் குழியில் ஏற்கெனவே ஆள் இருந்தால் மட்டும் தாவலில் அந்தக் கோணம் சேரும்படி செய்தார்கள். கோணத்தைத் திருகத் திருக, ஒட்டி நடந்த ஜோடி விலகி நடந்தது. இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

அப்புறம் அந்த ‘முதல் அணு, இரண்டாம் அணு’. இதைத்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். முதலாவது எது? நீங்கள் சொன்னதால் அது முதலாவதா? இரண்டு நாணயம் சுண்டினால் ஒரு தலை ஒரு பூ விழ வாய்ப்பு பாதி. நாணயங்களுக்குள் அடையாளமே கிடையாது என்றால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என மூன்றே வகை, வாய்ப்பு மூன்றில் ஒன்று. சத்யேந்திரநாத் போஸ் 1924இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில் ஒளித்துகள்களை எண்ணியது இப்படித்தான், ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார்.

கல்லூரியில் வாத்தியார் கரும்பலகையில் இரண்டு எலெக்ட்ரான் வரைந்து 1, 2 என்று எழுதினார். “அதுக்கு நம்பர் ஒட்டினது யார் சார்?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது, என்னை வெளியே அனுப்பினார். எனக்குக் கோபமான கோபம், நியாயம் என் பக்கம்தான் என்று வராந்தாவில் நின்றேன். மணி அடித்து எல்லோரும் போனபின் கூப்பிட்டார். கைக்குட்டையால் அந்த 1ஐயும் 2ஐயும் அழித்துவிட்டு, சாக்பீஸை நீட்டி, “சரி, இப்ப நீ எழுதிக் காட்டு” என்றார்.

எனக்கு எழுதத் தெரியவில்லை. அவர் சிரிக்காமல் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.