இடிபட்ட கார், இறங்கிய விலை: கேள்வி பதில்

அட்லாண்டா பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக 14 வருடம் இடிபட்ட கார்களைப் பார்த்து மதிப்புப் போட்டேன். இப்போது 6 வருடமாக அதே வேலைதான், ஆனால் கார்க்காரர்கள் பக்கம் நின்று. எவ்வளவு நன்றாகப் பழுதுபார்த்தாலும் விபத்தில் சிக்கிய கார் விற்கும்போது விலை இறங்கும். அந்த இறக்கத்துக்குக் கேட்கும் இழப்பீடுதான் டிமினிஷ்ட் வேல்யூ, சுருக்கமாக டி.வி. அதைப் பற்றிக் கேளுங்கள். உடம்பில் பட்ட காயம், வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் வக்கீலிடம். நான் வக்கீல் இல்லை.

கமிங், ஜார்ஜியா: அக்கா, சிக்னலில் நின்றிருந்தேன், பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். 2022 ஹைலேண்டர், 45,000 மைல் ஓடியது. ரிப்பேர் செலவு 9,200 டாலரை அவருடைய இன்ஷூரன்ஸ் கொடுத்துவிட்டது. டி.வி. கேட்டதற்கு 900 டாலர் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

உங்களுக்கு வந்த தாளைப் பார்க்காமலே அந்த 900 எப்படி வந்தது என்று சொல்கிறேன். காரின் மதிப்பு 30,000 என்று வைத்திருப்பார்கள். அதில் 10 சதவீதம், 3,000. சேதம் நடுத்தரம் என்று 0.5-ஆல் பெருக்கினால் 1,500. மைல் 40,000-க்கும் 60,000-க்கும் நடுவில் இருப்பதால் 0.6-ஆல் இன்னொரு பெருக்கல். 900!

இதன் பெயர் 17சி. ஸ்டேட் ஃபார்ம் மீது மேப்ரி தொடுத்த வழக்கிலிருந்து வந்தது. 2001-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் சொன்னது பெரிய விஷயம்: பாலிசிதாரர் தனியாகக் கேட்காவிட்டாலும், ரிப்பேர் செலவோடு இந்த மதிப்பிழப்பையும் அவருடைய கம்பெனியே கணக்குப் பார்க்க வேண்டும். அந்தத் தீர்ப்பு மறந்துபோய், வழக்கோடு ஒட்டிவந்த சூத்திரத்தை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நானும் அந்தக் கம்பெனியில் இருந்தபோது நூற்றுக்கணக்கான தடவை இதைப் போட்டிருக்கிறேன்.

சூத்திரத்தின் கோளாறைப் பாருங்கள். உங்கள் காருக்கு 30,000 என்பதே 45,000 மைல் ஓடியதைக் கழித்த பிறகு வந்த விலை. அதே மைலுக்காக மறுபடி 0.6. ஒரே குற்றத்துக்கு இரண்டு அபராதம். லட்சம் மைல் தாண்டிய காருக்கு இழப்பு பூஜ்யம் என்று வேறு வரும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ரிப்பேர் பில், கார்ஃபாக்ஸ் அறிக்கை (காரின் விபத்து வரலாறு சொல்லும் தாள்) இரண்டையும் எடுத்துக்கொண்டு மூன்று டீலர்களிடம் போங்கள். விபத்தில்லாத இதே காருக்கு என்ன கொடுப்பீர்கள், இந்தப் பில்லோடு வந்தால் என்ன கொடுப்பீர்கள் என்று எழுதி வாங்குங்கள். அல்லது சுயேச்சையான மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள். அதை வைத்து, பதிவுத் தபாலில், குறிப்பிட்ட தொகையைச் சொல்லி, ஜார்ஜியா சட்டம் 33-4-7 என்று எழுதிக் கேளுங்கள். கம்பெனிக்கு 60 நாள் கெடு. வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபணமானால் இழப்பில் 50 சதவீதமோ 5,000 டாலரோ, எது அதிகமோ அது அபராதம், வக்கீல் செலவு தனி. அந்தச் சட்ட எண்ணைப் பார்த்ததும் பல கோப்புகள் மேலதிகாரி மேசைக்குப் போவதை நான் உள்ளே இருந்தே பார்த்திருக்கிறேன்.

அதற்கும் மசியாவிட்டால் சின்னத் தொகை வழக்குகளுக்கான மேஜிஸ்ட்ரேட் கோர்ட், 15,000 டாலர் வரை. வழக்கு இடித்தவர் மேல், அவர் வசிக்கும் கவுன்டியில். கம்பெனி மேல் போட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ரிலீஸ், அதாவது இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் தாள், வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். செக்கின் பின்பக்கத்தையும் படியுங்கள்.

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்: தப்பு என்மேல்தான். என் சொந்த இன்ஷூரன்ஸிடம் டி.வி. கேட்கலாமா?

டெக்சாஸில் முடியாது. 2003-ல் ஷேஃபர் வழக்கில் உங்கள் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இடித்தவர் வேறொருவர் என்றால் அவரிடம் கேட்கலாம்.

ஷார்லட், வட கரோலினா: லீஸ் கார். டி.வி. எனக்கு வருமா?

கார் உங்களுடையது இல்லையே. லீஸ் கம்பெனியைக் கேளுங்கள்.

ஜான்ஸ் க்ரீக்: நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். அசல் பாகம் போட்டு, ஃபிரேமின் அளவு சரிபார்த்து, பெயின்டும் அடித்துவிட்டால் அது பழைய காரேதான். இல்லாத நஷ்டத்துக்குப் பணம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

போன மாதம் ஒரு கேம்ரி வந்தது. வெயிலில் நிறுத்திச் சுற்றி வந்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெயின்டின் கனம் அளக்கும் கேஜை பானெட்டில் வைத்தால் 110 மைக்ரான். கூரையில் 105. வலது பின் கதவில் 290, அதாவது மறுபடி அடித்த பெயின்ட். கதவைத் திறந்தால் கீல் போல்ட்டின் தலையில் ஸ்பானர் பட்டு பெயின்ட் உரிந்திருந்தது. ரப்பர் பட்டையை விலக்கினால் அடியில் புதுப் பெயின்டின் மெல்லிய விளிம்பு, நகம் தட்டியது. எனக்கு நான்கு நிமிடம். டீலரின் ஆளுக்கு இரண்டே நிமிடம்.

மறுபடி ஜான்ஸ் க்ரீக்: அது பெயின்டின் கனம். காரின் பலவீனம் இல்லையே?

பலவீனம் என்று நான் சொல்லவில்லை சார். ஒரே வருடம், ஒரே மைல், ஒரே விலை, இரண்டு கார். ஒன்று இடிபட்டது. எதை எடுப்பீர்கள்?

ஜான்ஸ் க்ரீக்: இடிபடாததைத்தான். ஆனால் அது மனப்பயம்.

இருக்கட்டும். எவ்வளவு குறைத்தால் மற்றதை எடுப்பீர்கள்? அந்தத் தொகைதான் டி.வி. பயம் வாங்குகிறவருக்கு, நஷ்டம் விற்கிறவருக்கு.

ஆல்ஃபரெட்டா: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் கார்ஃபாக்ஸில் விபத்து ஏறவே இல்லை. டி.வி.யும் வாங்கிவிட்டேன். நம்ம ஆள் ஒருவருக்கே விற்கப்போகிறேன், அவர் கேட்டால் சொல்ல வேண்டுமா?

கேட்டால் "இல்லை" என்று சொல்லப்போகிறீர்களா? விலை இறங்கிவிட்டது என்று ஒருவரிடம் பணம் வாங்கிவிட்டு, இறங்கவே இல்லை என்று இன்னொருவரிடம் முழு விலை கேட்கிறீர்கள். அதற்குப் பெயர் மோசடி. அதுவும் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பார்க்கப்போகிற மனிதரிடம். பில்லைக் காட்டி, குறைத்து விற்றுவிடுங்கள். அந்தக் குறைவுக்குத்தான் ஏற்கெனவே பணம் வந்துவிட்டதே.

ஜான்ஸ் க்ரீக்: இதனால்தான் எனக்கு இந்த டி.வி. விவகாரமே பிடிக்கவில்லை.

திருடன் இருக்கிறான் என்பதற்காகப் பூட்டைக் குறை சொல்வீர்களா?

கேரி, வட கரோலினா: எனக்கும் கம்பெனிக்கும் தொகையில் 4,000 டாலர் வித்தியாசம்.

உங்கள் மாநிலத்தில் நல்ல வழி இருக்கிறது. இடித்தவரின் கம்பெனியோடு வித்தியாசம் 2,000 டாலரையோ காரின் சந்தை மதிப்பில் 25 சதவீதத்தையோ, எது குறைவோ அதைத் தாண்டினால், எழுத்தில் கேட்டு இரு பக்கமும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைக்கலாம். அவர்களுக்குள் ஒத்துவராவிட்டால் நடுவர். இன்றே எழுதுங்கள்.

டுலூத், ஜார்ஜியா: என்னையும் பின்னால் இடித்தார்கள் மேடம். 17சி போட்டு 640 டாலர் தருகிறார்களாம். சரியா?

முதல் பதில். மேடம் வேண்டாம்.

சுவானி: 1,120 தருகிறார்கள் அக்கா, சரியா?

முதல் பதில்.

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா: இடித்தவரின் பாலிசி வரம்பு முழுக்க ரிப்பேருக்கே போய்விட்டது.

அங்கே பொருள் சேதத்துக்கான குறைந்தபட்ச வரம்பு 2025 ஜனவரியில்தான் 5,000-லிருந்து 15,000 ஆனது, அதனால் இது அடிக்கடி நடக்கிறது. மீதியை அவரிடமே கேட்க வேண்டும்; சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் 12,500 டாலர் வரை போடலாம். அவரிடம் பணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேன்டன், மிச்சிகன்: இங்கே?

நோ-ஃபால்ட் மாநிலம்: தப்பு யார்மேல் என்றாலும் அவரவர் சேதத்துக்குப் பெரும்பாலும் அவரவர் இன்ஷூரன்ஸ்தான். இடித்தவரிடம் கேட்க இருக்கும் சின்ன வழியான மினி டார்ட்டில் 3,000 டாலர் வரைதான். உள்ளூர் வக்கீலைக் கேளுங்கள்.

சென்னையில் அப்பாவின் கார் இடிபட்டது. பாலிசியில் இது கிடைக்குமா?

சொந்த பாலிசியில் கிடைக்காது. தொடர்விளைவு இழப்பு, தேய்மானம் இரண்டும் விலக்கு என்று அதிலேயே அச்சடித்திருக்கும். அடுத்தவர் தப்பு என்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வண்டிச் சேதத்துக்கும் மனு போடலாம். அது என் வேலைக்கு வெளியே.

லாரன்ஸ்வில்: அக்கா, 500 டாலர் செக்கோடு வந்த ஃபுல் அண்ட் ஃபைனல் ரிலீஸில் போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது மதிப்பீடு 3,800 என்று வந்திருக்கிறது.

இதைத்தான் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். ரிலீஸ் நகலை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ரிப்பேருக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அந்த 500-தான்.

ஜான்ஸ் க்ரீக்: கடைசியாக ஒன்று. மகளுக்காக ஒரு பழைய சிவிக் பேசி வைத்திருக்கிறேன். கார்ஃபாக்ஸ் சுத்தம். உங்கள் கேஜை ஒரு தடவை வைத்துப் பார்க்க முடியுமா?

சனிக்கிழமை பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள் சார். கழுவித் துடைத்து எடுத்து வாருங்கள், வேக்ஸ் போட வேண்டாம். பம்பர் பிளாஸ்டிக், அதில் என் கேஜ் பேசாது. அதைக் கழற்றாமல் பார்க்க டார்ச் இருக்கிறது.