வெண்கலப் பானைக்கு இண்டக்‌ஷன் அடுப்பு ஆகுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை வெண்கலப் பானையில்தான், ரசம் ஈயச் சொம்பில். சிலிண்டர் தீர்ந்துபோகும் நாட்களுக்காக இண்டக்‌ஷன் அடுப்பு வாங்க நினைக்கிறோம். “மேலே ஓர் இரும்புத் தட்டைப் போட்டுக்கொண்டால் எந்தப் பாத்திரமும் வைக்கலாம்” என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? பாத்திரத்துக்குள் கரண்ட் ஓடுமாமே, அது நைவேத்தியத்துக்கு ஆகுமா என்று மாமியார் கேட்கிறார்.
– கும்பகோணம் வாசகி

பதில்: அடுப்பை வாங்குங்கள். அந்த இரண்டு பாத்திரங்களை மனத்தில் வைத்து மட்டும் வாங்காதீர்கள்.

உங்கள் மாமியார் சொல்வது சரி. பாத்திரத்தின் அடியில் மின்சாரம் ஓடத்தான் செய்கிறது. மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டியின் முள் திரும்புவதை 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் கண்டார். மின்சாரம் காந்தத்தைப் பிறப்பிக்கிறது என்பது அன்று தெரிந்தது. காந்தம் மின்சாரத்தைப் பிறப்பிக்குமா என்ற மறுபாதிக்கு 1831இல் விடை கண்டவர் மைக்கேல் ஃபாரடே. காந்தம் சும்மா இருந்தால் ஒன்றும் நடக்காது; அதன் வலு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் செப்புச் சுருள் இதைத்தான் செய்கிறது. நொடிக்கு 50 முறை ஊசலாடும் வீட்டு மின்சாரத்தை அடுப்பு இருபதாயிரம் முறைக்கும் மேல் ஊசலாடவைத்துச் சுருளுக்குள் விடுகிறது. அந்தக் காந்தத் துடிப்பு பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. பாத்திரம் தானே சூடாகிறது. அந்த ஓட்டம் உலோகத்தின் அடித்தோலிலேயே சுழன்று வெப்பமாகிவிடும், சாதத்துக்கு வருவது சூடு மட்டுமே. தீ இல்லாமல் சமைத்ததைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணலாமா என்பது ஆசாரம் சார்ந்த கேள்வி. அதை உங்கள் குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்பதுதான் முறை.

வெண்கலம் ஏன் சூடாவதில்லை? காந்தம் ஒட்டாத உலோகத்தில் மின்சாரம் எழாது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. கனமான செப்புத் தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்து, வலுவான சிறு காந்தம் ஒன்றை அதன்மேல் சறுக்கவிட்டுப் பாருங்கள். ஒட்டாது, ஆனால் எண்ணெயில் இறங்குவதுபோல் மெதுவாக இறங்கும். செம்பில் எழும் மின்னோட்டம் அதைத் தடுக்கிறது. இரும்பில் அந்த ஓட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுவதால் சூடு பிறக்கிறது. செம்பு, பித்தளை, வெண்கலம், அலுமினியம் ஆகியவற்றில் அது அதிக ஆழத்தில் பரவி, அவ்வளவு தடையின்றி ஓடிவிடுகிறது, சூடு போதாது. பொருந்தாத பாத்திரம் என்று கண்டுகொண்டு அடுப்பும் நின்றுவிடும். போதாக்குறைக்கு நம் பானைகளின் அடி உருண்டை.

அந்த இரும்புத் தட்டு எனக்குச் சற்றும் பிடிக்காத பொருள். தட்டுதான் சூடாகும்; தட்டிலிருந்து பானைக்குச் சூடு நத்தைபோல் ஏறும்; சூட்டில் ஒரு பகுதி கீழே கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் பாகங்களுக்கும் போகும். ஈயச் சொம்பை அதன்மேல் தயவுசெய்து வைக்காதீர்கள். நாம் ஈயம் என்று சொல்வது வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தட்டு அந்தச் சூட்டைத் தாண்டக்கூடும். கேஸில்கூட ரசத்தை ஊற்றிய பிறகே சொம்பை ஏற்ற வேண்டும் என்று பாட்டிமார் சொன்னதற்குக் காரணம் இதுவே.

தளிகைக்கு கேஸையே வைத்துக்கொள்ளுங்கள். பால், காபி, குக்கர் எல்லாம் இண்டக்‌ஷனுக்குப் போகட்டும். சிலிண்டர் கூடுதல் நாள் வரும். கடைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். பாத்திரத்தின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் போதாது; அடியில் ‘டக்’கென்று ஒட்ட வேண்டும். எவர்சில்வரிலும் ஒட்டாத வகை உண்டு. 2,000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட்; 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: குத்துவிளக்கு வாங்கும்போதும் காந்தம் உதவுமா?
– மதுரை வாசகர்

பதில்: பாதி உதவும். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒட்டாததால் மட்டும் அது பித்தளை ஆகிவிடாது, அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. கையில் தூக்கிக் கனம் பாருங்கள். அடிப்பாகத்தைத் திருப்பி, அரம் பட்ட இடத்தில் உள்நிறமும் மஞ்சள்தானா என்று பாருங்கள்.