கொலை வழக்கில் விடுதலை: அப்பீலுக்கு முன் தீர்ப்பைப் படியுங்கள்

கேள்வி: என் அண்ணன் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இருவரையும், போதிய சாட்சியம் இல்லை என்று மாவட்ட அமர்வு நீதிமன்றம் சென்ற மாதம் விடுதலை செய்துவிட்டது. நேரில் பார்த்த இரண்டு பேரும் பிறழ்சாட்சி (அரசுத் தரப்புக்கு எதிராக மாறிய சாட்சி) ஆகிவிட்டார்கள். போலீஸ் அப்பீல் போகும்வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: காத்திருக்காதீர்கள். அரசு அப்பீல் செய்ய 90 நாள் கெடு. அதற்கு அரசின் உத்தரவும் வேண்டும், உயர் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 413-ஆம் பிரிவு, இந்த உரிமையைத் தருகிறது. குடும்பத்தாருக்கான கெடு அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. 60 நாளுக்குள் தாக்கல் செய்துவிட்டால் தாமதம் என்ற பேச்சே எழாது. தீர்ப்பு நகலுக்கு இன்றே மனுப் போடுங்கள். நகல் தயாராக எடுக்கும் நாட்கள் கெடுவில் சேராது.

அப்பீலை அண்ணி பெயரில் அல்லது அம்மா பெயரில் போடுங்கள். சட்டம் 'பாதிக்கப்பட்டவர்' என்பதில் சட்ட வாரிசைச் சேர்க்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் இருக்கும்போது உடன்பிறந்தவர் வாரிசாக வருவதில்லை. இன்னொரு பயனும் உண்டு: பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள். சீராய்வு மனு (தீர்ப்பில் பிழை உண்டா என்று மட்டும் பார்க்கக் கோரும் மனு) போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சீராய்வில் விடுதலையைத் தண்டனையாக மாற்ற உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2022-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

இனி முக்கியமான வேலை. அமர்வு நீதிபதி சொன்னதும் ஏற்கத்தக்க முடிவுதான் என்று தோன்றினால், வேறு முடிவும் சாத்தியம் என்பதற்காக மட்டும் உயர் நீதிமன்றம் விடுதலையைக் கலைக்காது. ஆகவே, இருந்த சாட்சியத்தை நீதிபதி விட்டுவிட்டாரா, அல்லது அந்தச் சாட்சியமே கோப்பில் இல்லையா என்று பிரித்துப் பாருங்கள். முதல் வகையில்தான் அப்பீலுக்கு உயிர் இருக்கிறது.

பிறழ்சாட்சிகளிலிருந்து தொடங்குங்கள். தீர்ப்பின் கடைசியில் அ.சா.1, அ.சா.2 (அரசுத் தரப்புச் சாட்சி 1, 2) என்று சாட்சிகளின் பட்டியல் இருக்கும். அந்த இருவரின் வாக்குமூல நகல்களையும் எடுத்து, முதல் விசாரணை (அரசு வழக்கறிஞர் கேட்பது) நடந்த தேதியையும் குறுக்கு விசாரணை (எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பது) நடந்த தேதியையும் பாருங்கள். முதல் விசாரணையில் "வெட்டியதைப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் கழித்துக் குறுக்கு விசாரணையில் மாறியிருந்தால், அது பலமான வாதம். பிறழ்ந்தவரின் சாட்சியம் முழுதாக அழிந்துபோவதில்லை. மற்ற சான்றுகளோடு பொருந்தும் பகுதியை ஏற்கலாம். தொடக்கத்திலேயே "ஒன்றும் தெரியாது" என்று சொல்லியிருந்தால் நிலைமை கடினம், ஏனென்றால் போலீசிடம் முன்பு சொன்னது தானாகச் சாட்சியம் ஆகாது.

அடுத்தது அரிவாள் கைப்பற்றல். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டுமே செல்லும். மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணம்) கையெழுத்திட்ட விஏஓ, "ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள்" என்று சொல்லிவிட்டால் அந்தக் கண்ணி தளர்ந்துவிடும். சிசிடிவி பதிவைப் பெரும்பாலும் நகலாகத்தான் தாக்கல் செய்கிறார்கள். அதற்குரிய சான்றிதழ் (முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு) இல்லையென்றால் அந்தப் பதிவு கணக்கில் வராது. எஃப்.ஐ.ஆரில் மாஜிஸ்திரேட் தன் கையெழுத்தோடு எழுதும் பெற்ற நேரத்தையும் பாருங்கள். காலையில் பதிவானது நள்ளிரவில் போய்ச் சேர்ந்து, அதற்கு விளக்கமும் இல்லையென்றால், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

விடுபட்ட ஆவணத்தைச் சேர்க்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 432-ஆம் பிரிவில் கூடுதல் சாட்சியம் கோரலாம். அரிதாகவே அனுமதிப்பார்கள், போலீஸ் விசாரிக்கவே விசாரிக்காத ஒன்றை அதைக் கொண்டு நிரப்ப முடியாது.

மேல் நீதிமன்றத்தில் ஆஜராவதாக விடுதலையானவர்களிடம் வாங்கும் பிணைப்பத்திரம் 6 மாதம் நடப்பில் இருக்கும். அதற்குள் அப்பீல் கோப்புக்கு எடுக்கப்பட்டால் நோட்டீஸ் சேர்ப்பது எளிது. இழப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். விடுதலையில் முடிந்த வழக்கிலும் குடும்பத்தின் மறுவாழ்வுக்குப் பரிந்துரைக்க விசாரணை நீதிமன்றத்துக்கு அதே சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. தீர்ப்பில் அப்படிப் பரிந்துரை இருந்தால், நகலோடு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.