127.1 சோதனையைத் தாண்டியது எப்படி?

கேள்வி: வாடிக்கையாளர் தரும் யூஆர்எல்லிலிருந்து எங்கள் நோட் ஜேஎஸ் சர்வர் படத்தை இறக்குகிறது. உள்முகவரிகளைத் (சர்வரும் அதன் உள் நெட்வொர்க்கும் மட்டும் பயன்படுத்துபவை) தடுக்க ‘ஐபி’ என்ற என்பிஎம் லைப்ரரியின் இஸ்பப்ளிக் சோதனை உண்டு (முகவரி பொது இணையத்தைச் சேர்ந்ததா என்று பார்ப்பது), பதிப்பு 2.0.1. ஆனால் 127.1 என்று கொடுத்தால் தடை உடைகிறதே, ஏன்? வேறு லைப்ரரிக்கு மாறினால் போதுமா?

பதில்: மாறினால் மட்டும் போதாது. ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) எழுதிய 127 இதே சோதனையை ஏமாற்றியது முன்பே பதிவான ஓட்டை. அதற்குத் திருத்தமாக வந்ததுதான் உங்கள் 2.0.1. அதிலும் 127.1 தப்பிவிடுவதாக 2024-இல் மறுபடி பதிவானது.

லைப்ரரி முகவரியை வெறும் எழுத்துச் சரமாகப் பார்க்கிறது. இணைப்பு போடும் சிஸ்டமோ பழைய யூனிக்ஸ் வழக்கப்படி, கடைசிப் பகுதியை மிச்சமுள்ள 24 பிட்டிலும் நிரப்பி 127.0.0.1 என்று, அதாவது சர்வர் தன்னையே குறிக்கும் முகவரியாகப் படிக்கிறது. ஒரே எண்ணாக 2130706433 என்றோ, எட்டு அடிமானத்தில் 017700000001 என்றோ எழுதினாலும் போய்ச் சேரும் இடம் அதுதான்.

எனவே யூஆர்எல்லை நீங்களே வெட்டி எடுக்காதீர்கள். நோடின் யூஆர்எல் கிளாஸிடம் கொடுத்தால் ஹோஸ்ட்நேம் 127.0.0.1 என்றே வரும். அடுத்து, பெயரை டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி முகவரி தரும் அமைப்பு) தேடி, கிடைத்த முகவரியைச் சோதித்து, அதே முகவரிக்கே இணையுங்கள். சோதித்த பிறகு பெயரை மறுபடி தேடவிட்டால், இரண்டாம் முறை வேறு முகவரி தந்து ஏமாற்றலாம். ரிக்வெஸ்டின் லுக்கப் ஆப்ஷனில் (பெயரைத் தேடும் ஃபங்ஷனைத் தரும் இடம்) இந்தச் சோதனையை வையுங்கள். இங்கே இரண்டு பள்ளங்கள்: ஹோஸ்ட் நேரடி ஐபியாக இருந்தால் நோட் லுக்கப்பைக் கூப்பிடவே கூப்பிடாது, அதைத் தனியே சோதிக்க வேண்டும். நோட் 20 முதல் லுக்கப்பிடம் ஒரே முகவரியை அல்ல, முகவரிப் பட்டியலையே நோட் கேட்கும். ஒன்று விடாமல் பாருங்கள்.

தடைக்கு நோடின் நெட் மாட்யூலில் உள்ள பிளாக்லிஸ்ட் போதும். 0.0.0.0/8, 10.0.0.0/8, 100.64.0.0/10, 127.0.0.0/8, 169.254.0.0/16, 172.16.0.0/12, 192.168.0.0/16, ஐபிவி6-இல் ::1 ஆகியவற்றோடு அதன் தனியார், லிங்க்-லோக்கல் வரம்புகளையும் சேர்க்கவும்.

ரீடைரக்டைத் தானாகப் பின்தொடர விடாதீர்கள். யூஆர்எல் வெளியே நல்ல பெயராக இருக்கும். ஆனால் அந்தத் தளம் 302 (வேறு முகவரிக்குப் போ என்ற பதில்) கொடுத்து 169.254.169.254-க்கு அனுப்பிவிடும். ஏடபிள்யூஎஸ் என்ற அமேசான் கிளவுடில் அந்த முகவரியில்தான் சர்வரின் தற்காலிகச் சாவிகள் கிடைக்கின்றன. உங்கள் சர்வர் அங்கே ஓடினால், சாவிகளைத் தரும் ஐஎம்டிஎஸ் சேவையின் பதிப்பு 2-ஐக் கட்டாயமாக்குங்கள்: முதலில் புட் என்ற வகை ரிக்வெஸ்ட் அனுப்பி டோக்கன் வாங்க வேண்டும் என்பதால், வெறும் கெட் ரிக்வெஸ்ட் மட்டும் அனுப்பும் படம் இறக்கும் நிரலால் சாவியை எடுக்க முடியாது.