பெரியப்பாவுக்கு ஏன் இத்தனை கோபம்?

கேள்வி: கோவையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் காங்கேயம் பக்கம். ப்ராஜெக்டுக்காக ஒரு பொய் டாக்குமெண்டரி எடுத்தேன். 1903-லேயே எங்கள் ஊரில் ஒருவர் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் உருளையையும் ஒரு மரப்பெட்டியையும் வைத்து சினிமா கேமரா செய்தார், ரேக்ளா ஓட்டத்தைப் படம் பிடித்தார் என்பது கதை. பழைய ஃபிலிம் போலக் கீறல், புள்ளி எல்லாம் எடிட்டிங்கில் சேர்த்தேன். மாரியம்மன் நோம்பி ராத்திரி, வள்ளி கும்மிக்கு முன்னால் கோயில் மைதானத்தில் போட்டுக் காட்டினேன். ஊரே கைதட்டியது. பங்காளி வகையில் எனக்குப் பெரியப்பா முறை ஆகிறவர் அழுதே விட்டார். கேமரா செய்தவர் என்று நான் காட்டியது அவருடைய அப்பாருவின், அதாவது தாத்தாவின் போட்டோ. அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததைச் செல்போனில் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் கழித்து, படம் பார்த்தவர்களின் முகங்களையெல்லாம் வெட்டி ஒட்டி, "எல்லாம் சும்மா" என்று ஒரு ரீல்ஸ் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டு விசேஷத்துக்கும் வரவில்லை. இத்தனைக்கும் நோம்பிக்கு மறுநாள், "அந்தப் பெட்டியை நான் சின்ன வயசுல பாத்திருக்கறேன்" என்று டீக்கடையில் சொன்னவரே அவர்தான்! வெளிநாட்டில் பெரிய டைரக்டர்களே இப்படிப் படம் எடுக்கிறார்கள். நான் செய்தது தப்பா? ஆரம்பத்திலேயே "கற்பனை" என்று போட்டால் சுவாரஸ்யம் போய்விடாதா?

— பெயர் வேண்டாம், காங்கேயம்

பதில்: தம்பி, முதலில் வெளிநாட்டு டைரக்டர்களைப் பார்த்துவிடுவோம். உன் படத்துக்கு அண்ணன் முறையில் ஒரு படம் இருக்கிறது. பீட்டர் ஜாக்சனும் கோஸ்டா போட்ஸும் சேர்ந்து எடுத்த 'ஃபர்காட்டன் சில்வர்'. 1995 அக்டோபரில் நியூசிலாந்து தொலைக்காட்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒளிபரப்பானது. காலின் மெக்கென்சி என்று ஒரு மறக்கப்பட்ட மேதை, முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து ஃபிலிம் தயாரித்தார், உலகத்துக்கு முன்பே எல்லாவற்றையும் செய்து முடித்தார் என்று போகும் கதை. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. ஆனால் அதில் வரும் ரிச்சர்ட் பியர்ஸ் நிஜமான மனிதர், நிஜமாகவே விமானம் கட்டியவர். ரைட் சகோதரர்களுக்கு முன்பே அவர் பறந்ததை மெக்கென்சி படம் பிடித்துவிட்டாராம். அதற்குச் சாட்சி? கூட்டத்தில் நிற்கும் ஓர் ஆளின் பையில் செருகியிருக்கும் செய்தித்தாளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, 1903 மார்ச் என்ற தேதியைக் கண்டுபிடிக்கிறார்கள். நீயும் 1903-ஐப் பிடித்ததைப் பார்த்தால் இந்தப் படத்தை நீ பார்த்திருப்பாய் என்று நினைக்கிறேன். சரி, அது இருக்கட்டும்.

அது நாடகங்கள் போடும் நேரத்தில்தான் ஒளிபரப்பானது. ஆனால் அதற்கு முன்பே அந்நாட்டின் பிரபலமான பத்திரிகை ஒன்று நிஜச் செய்தி போலக் கட்டுரை வெளியிட்டிருந்தது. ஜனங்கள் நம்பினார்கள். குட்டி நாடு, நம்மிலும் ஒருவன் இருந்திருக்கிறான் என்ற பெருமை. எல்லாம் பொய் என்று தெரிந்ததும் பாதிப் பேர் ரசித்துச் சிரித்தார்கள், மீதிப் பேர் கோபமாகக் கடிதம் எழுதினார்கள்.

இதையே இங்கிலாந்தோடு ஒப்பிட்டுப் பார். 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்தில் பெண்கள் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறித்து வெயிலில் காயவைப்பதாகக் காட்டினார்கள். பின்னணியில் பேசியவர் ரிச்சர்ட் டிம்பிள்பி, ராணியின் முடிசூட்டு விழாவுக்கே வர்ணனை சொன்ன குரல். அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று போன் செய்து கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஸ்பகெட்டி மரம் இல்லை என்று தெரிந்ததால் யாருக்கு என்ன போயிற்று? இதற்கு நேர் எதிர் 2006 டிசம்பர் 13. பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழித் தொலைக்காட்சி, ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சியை நிறுத்தி, நாட்டின் ஃபிளாண்டர்ஸ் பகுதி தனிநாடாகப் பிரிந்துவிட்டது என்று செய்தி வாசித்தது. அரை மணி நேரம் போன பிறகுதான் "இது கற்பனை" என்ற எழுத்து திரையில் வந்தது. அங்கே ஜனங்கள் கொதித்துப் போனார்கள். உண்மையிலேயே நடந்துவிடுமோ என்று அவர்கள் பயந்துகொண்டிருந்த விஷயம் அது.

ஆக, ஏமாந்தவர் சிரிப்பதும் கொதிப்பதும் பொய் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து இல்லை. அதை நம்பும்போது அவர் தன் கையிலிருந்து எதைக் கொடுத்தார் என்பதுதான் கணக்கு. உன் பெரியப்பா கொஞ்சமாகவா கொடுத்தார்?

நீ போகிற போக்கில் ஆச்சரியக்குறி போட்டு எழுதிவிட்ட வரி ஒன்று இருக்கிறதே, "அந்தப் பெட்டியை நான் பாத்திருக்கறேன்", அதில்தான் விஷயமே இருக்கிறது. அவர் பொய் சொன்னதாக நீ நினைக்கிறாய். உன் ரீல்ஸைப் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்துத் தோட்டத்து வீடுகளில், சாளைகளில், ஏதாவது ஒரு மரப்பெட்டி இல்லாமல் இருந்திருக்குமா? சின்ன வயதில் அட்டாலிப் பரணில் அவர் எதையோ பார்த்திருப்பார். இத்தனை வருடம் அது வெறும் பெட்டி. உன் படம் அதற்கு ஒரு பேர் வைத்தது. எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 1974-ல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, சிலரிடம் "கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம்?" என்றும், சிலரிடம் "நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "நொறுங்க" என்று கேட்கப்பட்டவர்களில்தான் அதிகம் பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு சொல்லுக்கே ஞாபகம் இப்படி வளைகிறது என்றால், சொந்த அப்பாருவின் முகத்தை அத்தனை பெரிதாகத் திரையில் பார்த்தவருக்கு என்ன ஆகும்?

மைதானத்தில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் வெறுமனே ஏமாந்தவர்கள். அவர் ஒருவர்தான் டீக்கடையில் உட்கார்ந்து உன் படத்துக்குச் சாட்சி சொன்னவர். நீ "சும்மா" என்று சொன்ன அன்றைக்கு மற்றவர்கள் ஏமாளி என்ற பெயரோடு தப்பித்துவிட்டார்கள். அவருக்குக் கிடைத்தது புளுகர் என்ற பட்டம். அதுவும் அழுத முகம் ரீல்ஸில் ஓட, தம்பி மக்கள், சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்க்க. அவர் எப்படிப் பேசுவார்?

படம் எடுத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு இந்த வகைப் படங்கள் பிடிக்கும். தொலைக்காட்சியில் எதைப் பார்த்தாலும் நம்பிவிடும் நமக்கு ஒரு நல்ல பொய்ப்படம் அவ்வப்போது தேவைதான். ஆனால் மூன்று இடங்களில் நீ சறுக்கியிருக்கிறாய். கேட்காமல் போட்டோவை எடுத்தது ஒன்று. ஜாக்சன் இல்லாத ஓர் ஆளை உண்டாக்கினார். நீ ஒருவருடைய வீட்டுச் சுவரில் இருந்தவரை உண்டாக்கினாய். இரண்டாவது, நோம்பி ராத்திரியில் போட்டது. கம்பத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஜனம் தொலைக்காட்சி பார்க்கும் ஜனம் மாதிரி இல்லை, ஊர்ப்பிள்ளை சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்ளும். மூன்றாவது அந்த ரீல்ஸ். இதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வரவைத்தது. உண்மையை உடைக்க வேண்டியதுதான், அதற்கு அவர் முகம் எதற்கு?

"கற்பனை" என்று ஆரம்பத்திலேயே போடவேண்டியதில்லை. படம் முடியும் அந்த நிமிஷத்தில், கைதட்டல் அடங்குவதற்குள், மைக்கைப் பிடித்து நீயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது எல்லோரும் சேர்ந்து ஏமாந்து சேர்ந்து சிரித்திருப்பார்கள், பெரியப்பா உள்பட. டீக்கடைக்குப் போய்ப் பெட்டிக்கதை சொல்ல அவருக்கு நேரமே இருந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் எல்லாம் கெட்டது. படத்தின் கடைசியிலும் பெரிய எழுத்தில், கண்ணுக்குத் தெரியும்படி போடு. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறார்கள் என்பதால் ஓர் ஓரத்தில் சின்னதாக ஓடிக்கொண்டே இருந்தாலும் நல்லதுதான்.

இப்போது செய்யவேண்டியது. ரீல்ஸை இன்றைக்கே எடுத்துவிடு. அப்புறம் தனியாகப் போ, அப்பா அம்மாவைத் தூது அனுப்பாதே. பெரியம்மா காபி கொடுத்தால் குடி, கொடுக்காவிட்டாலும் உட்கார். நியூசிலாந்து, பீட்டர் ஜாக்சன் என்றெல்லாம் அங்கே ஆரம்பிக்காதே. "சும்மா தமாசுக்குத்தானுங்க பெரியப்பா" என்ற வார்த்தை வாயிலிருந்து வரவே கூடாது. "உங்களக் கேக்காம அப்பாருவோட போட்டோவ எடுத்தது தப்புங்க. உங்க முகத்தப் போட்டது அதவிடத் தப்புங்க" என்று மட்டும் சொல். மன்னித்துவிட்டீர்களா என்று உடனே கேட்டு நிற்காதே. அவர் திட்டினால் வாங்கிக்கொள். பிறகு ரீல்ஸ் யார் யாருக்குப் போயிற்றோ, அதே பங்காளிகள் குரூப்பில், பெரியப்பா சொன்னது பொய் இல்லை, தப்பு உன்னுடையது என்று உன் குரலிலேயே சொல்லி அனுப்பு. தனியாகக் கேட்கும் மன்னிப்பு இந்த விஷயத்தில் போதாது. மானம் போனது நாலு பேர் முன்னால்.

அவர் கொஞ்சம் இறங்கி வந்தால், அப்பாரு நிஜமாக என்ன செய்தார் என்று கேள். பேசச் சம்மதித்தால் பதிவு செய்துகொள், வேண்டாம் என்றால் விட்டுவிடு. மறக்கப்பட்ட சினிமாக்காரர்தான் வேண்டும் என்றால் இந்தப் பக்கத்தில் இட்டுக்கட்ட வேண்டிய தேவையே இல்லை. கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரை விலைக்கு வாங்கி, வேலையை விட்டு, ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். நீ படிக்கும் ஊரில் நடந்த கதை, உன் 1903-க்கு இரண்டே வருடம் தள்ளி.

ப்ராஜெக்டைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் போட்டோ படத்தில் இருக்கலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டுவிடு. கூடாது என்றால் உன் நண்பன் ஒருவனுக்கு முண்டாசு கட்டிவிட்டு, புதிதாக ஒரு போட்டோ எடுத்துக்கொள். கீறலும் புள்ளியும் சேர்க்கத்தான் உனக்குத் தெரியுமே.